அம்மாவை எங்க வச்சு பாத்துக்கறது: நாலு வழி, ஒரு தெரு

பால் பாக்கெட்ல இருந்து ஆரம்பிக்கறேன். கோவில்பட்டில எங்க அம்மா வீட்டு கேட்ல ஒரு மஞ்சப்பை தொங்கும், விடியக்காலம் அஞ்சே காலுக்கு பால்காரர் அதுல ரெண்டு பாக்கெட்டை போட்டுட்டு போயிருவார், ஆறு மணிக்குள்ள அம்மா எடுத்துருவாங்க. ஆறரை தாண்டியும் பை கனமா தொங்குச்சுன்னா எதிர்த்த வீட்டு பெரியம்மா வந்து கேட்டை தட்டுவாங்க. இதுக்கு யாரும் காசு குடுக்கல, யாரும் பேசி வச்சுக்கவும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு எந்திரிக்க முடியாம கெடந்தப்ப கண்டுபிடிச்சுக் குடுத்தது இந்த மஞ்சப்பைதான். நான் சென்னைல, அண்ணன் பெங்களூர்ல, எங்க ரெண்டு பேருக்கும் போன் வர்றப்ப ஆஸ்பத்திரில கட்டே போட்டாச்சு.

அன்னைக்கு ராத்திரியே அண்ணன் வீடியோ கால் போட்டுட்டான். அண்ணன், மதினி, நான், எங்க வீட்டுக்காரர், ஒரு சின்ன கட்டத்துல அம்மாவோட பாதி நெத்தியும் மேல ஓடற ஃபேனும். "இனிமே தனியா விட முடியாது"ன்னு அண்ணன் சொன்னான். எல்லாரும் ஆமான்னோம். அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லல. எட்டு மாசம் பேசினோம், நாலு வழி இருந்துச்சு. ஒண்ணு, சென்னைல என் வீட்டுக்கோ பெங்களூர்ல அண்ணன் வீட்டுக்கோ கூட்டிட்டு வந்துடறது. ரெண்டு, கோயம்புத்தூர்ல இருக்கே அந்த சீனியர் சிட்டிசன் அபார்ட்மெண்ட், அதுல ஒண்ணு பாக்கறது. மூணு, முதியோர் இல்லம். நாலு, அம்மா இருக்கற வீட்டுலயே ஆள், கைப்பிடி, மருந்து, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு பண்ணி இருக்க விடறது.

இந்த மாதிரி ஒரு வீடியோ கால் இப்ப தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுல ஓடிட்டு இருக்கோ தெரியாது, ஆனா எண்ணிக்கை கூடத்தான் போகுது. 2011 சென்சஸ்ல நம்ம மாநிலத்துல 60 வயசு தாண்டினவங்க 10.4 சதவீதம், 2021க்கு கணிச்சது 13.6, 2031ல 18.2 ஆகும்ங்கறாங்க, பெரிய மாநிலங்கள்ல கேரளாவுக்கு அடுத்து நாமதான். எங்க ஆச்சிக்கு ஆறு பிள்ளைங்க, அவங்களை பாத்துக்க ஆறு வீடு இருந்துச்சு. அம்மாவுக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணு. இதுக்கு மேல விளக்கம் வேணாம்னு நினைக்கறேன்.

பொதுவா இதை யோசிக்கும்போது எவ்வளவு செலவு, எவ்வளவு பாதுகாப்பு, ஊர் என்ன சொல்லும், இந்த மூணைத்தான் எழுதிப் பாப்போம். நானும் அப்படித்தான் ஒரு எக்ஸெல் போட்டேன். எட்டு மாசம் கழிச்சு அதுல இன்னொரு கட்டம் சேர்த்தேன், அம்மாவை எடுத்துட்டா அவங்களைச் சுத்தி இருக்கறவங்களுக்கு என்ன ஆகுதுன்னு. கடைசில முடிவு அந்த கட்டத்தை வச்சுத்தான் ஆச்சு, அதனாலதான் இதை எழுதறேன்.

முதல்ல சென்னை. இது பேச்சே இல்லாம நடந்துடுச்சு, கைல கட்டோட என் வீட்டுக்குத்தான் வந்தாங்க. ரெண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு, பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸெல்ல எல்லாத்துக்கும் பச்சை கலர். நாங்க ரெண்டு பேரும் காலைல எட்டரைக்கு கிளம்பினா ராத்திரி ஏழரை, பையன் ஸ்கூல் முடிச்சு டியூஷன் போயிட்டு ஆறரைக்கு வருவான். அம்மாவுக்கு பதினொரு மணி நேரம் டிவியும் பால்கனியும். கீழ போகலாம்ல, நடக்கலாம்லனு நான் சொல்வேன், "எங்கட்டி போறது, யாரைத் தெரியும் எனக்கு"ம்பாங்க. பக்கத்து ஃப்ளாட்காரங்க முகம் எனக்கே சரியா தெரியாது, வாசல்ல கெடக்கற செருப்பை வச்சுத்தான் ஆள் இருக்காங்களான்னு தெரியும். நாலு மாசத்துல கை கூடிடுச்சு, ஆனா கால் போயிடுச்சு. அதாவது ஊர்ல தினமும் பூக்காரம்மாவைப் பாக்க, அண்ணாச்சி கடைக்கு, சாயங்காலம் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குன்னு தன்னையறியாம நடந்துட்டு இருந்தவங்க, இங்க பெட்ரூம்ல இருந்து ஹாலுக்கு மட்டும் நடந்தாங்க. திரும்பி ஊருக்கு போறப்ப ஸ்டேஷன்ல வீல்சேர் கேட்டாங்க, வர்றப்ப கேக்கல.

என் பக்கமும் சொல்லணும். அந்த நாலு மாசத்துல எனக்கு லீவு எல்லாம் காலி, மேனேஜர் நல்லவர்தான், ஆனா அப்ரைசல் நல்லவர் இல்ல. ஏன் எங்க வீட்டுக்காரர் லீவு போடலன்னு அப்ப யாருக்கும் கேக்கத் தோணல, எனக்கே தோணல. 2024ல நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல வீட்டு வேலை பாக்கற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரி 289 நிமிஷம் சம்பளமில்லாம அதுல போடறாங்க, ஆம்பளைங்க 88 நிமிஷம். பிள்ளைங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கறதுன்னு நாம பெருமையா சொல்றது பெரும்பாலும் மகளோ மருமகளோ வேலையை விட்டுட்டு பாத்துக்கறதுதான். நம்ம ஊர்ல இது குடும்பக் கடமைங்கற பேர்ல யார் கணக்குலயும் வர்றதில்ல. ஜப்பான்ல இது கையை மீறிப் போகுதுன்னுதான் 2000லயே முதுமைப் பராமரிப்புக்குன்னு தனி இன்சூரன்ஸ் கொண்டு வந்து 40 வயசு தாண்டின எல்லார்கிட்டயும் சந்தா பிடிக்கறாங்க.

சிங்கப்பூர்ல இருக்கற எங்க சித்தி பையன் இதுல ஒரு நடு வழி சொன்னான், கூட இருக்கறதும் இல்லாம தூரமும் இல்லாம பக்கத்துலயே தனி வீடு. அங்க ரீசேல் வீடு வாங்கறப்ப பெத்தவங்களோட சேர்ந்து இருந்தா 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 4 கிலோமீட்டருக்குள்ள இருந்தா 20,000 வெள்ளின்னு அரசாங்கமே மானியம் குடுக்குது. நல்ல யோசனைதான். சென்னைல என் தெருவுல தரைத்தளத்துல ஒரு சின்ன வீடு வாடகை கேட்டுப் பாத்தேன், வயசானவங்க தனியான்னதும் ஹவுஸ் ஓனர் யோசிச்சு சொல்றேன்னார், இன்னும் யோசிச்சுட்டு இருக்கார்.

அடுத்து கோயம்புத்தூர். அண்ணனோட சாய்ஸ் இது. சீனியர் லிவிங்னு சொன்னாலே கோயம்புத்தூர்தான், தண்ணி, க்ளைமேட், ஆஸ்பத்திரி மூணும் சேர்ந்து அந்த பக்கம் வரிசையா கட்டிட்டாங்க. ஒரு இடத்துக்கு மூணு நாள் தங்கிப் பாக்க கூட்டிட்டு போனோம், பேர் வேணாம். பொய் சொல்லக்கூடாது, நல்லா இருந்துச்சு. பாத்ரூம்ல சிவப்பு கயிறு, இழுத்தா நர்ஸ் வருவாங்க, தரையில வாசப்படியே கிடையாது, ஆம்புலன்ஸ் உள்ளயே நிக்குது, சாயங்காலம் கேரம், பஜனை, யோகா. ஒத்தை ஆளுக்கு மெயின்டனன்ஸும் சாப்பாடும் சேர்த்து மாசம் 28,000 சொன்னாங்க, அது போக வீட்டை வாங்கணும், இல்ல பெரிய டெபாசிட் கட்டணும்.

ரெண்டாம் நாள் மத்தியானம் டைனிங் ஹால்ல அம்மா என் காதுல கேட்டாங்க, "இங்க கருவாடு வறுத்தா என்ன சொல்வாங்க?" கேம்பஸ் முழுக்க சைவம். விசாரிச்சா அந்த பக்கம் நாங்க பாத்த மூணுல ரெண்டு அப்படித்தான். சைவம் சாப்பிடறவங்களுக்கு அது சௌகரியம், எனக்கு அதுல சண்டை இல்ல. ஆனா சைவம் மட்டும்னு ஒரு போர்டு வச்சா யாரெல்லாம் வாசல்லயே நின்னுடறாங்கன்னு நமக்குத் தெரியாதா. அதுக்கு மேல அந்த விலை. ஆக உள்ள இருக்கறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பென்ஷன், ஒரே மாதிரி பிள்ளைங்க, அதே அமெரிக்கா, அதே ஆஸ்திரேலியா. 60 வயசுக்கு கீழ இருக்கறவங்கன்னா அது அங்க வேலை பாக்கறவங்க மட்டும்தான், சின்னப் பிள்ளைங்க சத்தமே கிடையாது. அம்மா எங்க தெருவுல எல்லார் சாதியும் தெரிஞ்சு எல்லார் வீட்டு சண்டையிலயும் தலையிட்டு வாழ்ந்தவங்க, தெரு ஒண்ணும் சமத்துவபுரம் இல்ல, ஆனா கலவையா இருந்துச்சு. வயசானவங்களை மட்டும் பிரிச்சு எடுத்து ஒரு மதில் சுவருக்குள்ள வச்சுட்டா உள்ள இருக்கறவங்களுக்கு வசதிதான், வெளிய இருக்கற தெருவுல வயசானவங்களே இல்லாம போயிடும், அதைப் பத்தி யார் யோசிக்கறா.

இதுல ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். பிள்ளைங்களே இல்லாதவங்க, பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல செட்டில் ஆனவங்க, ரெண்டு பேரா இருக்கற தம்பதி, இவங்களுக்கு அந்த இடம் வரம். அங்க ஒரு ரிட்டயர்டு பேங்க் அதிகாரி, மனைவிக்கு மறதி நோய், "இங்க வந்தப்புறம்தான் ராத்திரி தூங்கறேன்"னார். அவர்கிட்ட போய் உங்க தெருவுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்க முடியுமா.

முதியோர் இல்லத்தை நாங்க சீரியஸா பாக்கல, உண்மையைச் சொன்னா அம்மா முகத்தைப் பாத்து அந்த வார்த்தையை சொல்ற தைரியம் யாருக்கும் வரல. நல்லா நடத்தற இல்லங்கள் இருக்கு, யாருமே இல்லாதவங்களுக்கு அதை விட்டா வழியும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, பெத்தவங்களை அனுப்பிட்டு வீட்டை எழுதி வாங்கிக்கற கதை ஊருக்கு ஊரு இருக்கு. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல 23வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்த சொத்துக்கு, எழுதி வாங்கினவங்க பாத்துக்கலன்னா அந்தப் பத்திரத்தை செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி தீர்ப்பாயத்துல கேக்கலாம், கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீஸ்ல மனு குடுக்கணும். இது தெரியாம தான செட்டில்மெண்ட் எழுதறப்ப அந்த நிபந்தனை வரியை விட்டுடறாங்க. எங்கம்மா வீடு அம்மா பேர்ல இருக்கு, அப்படியே இருக்கட்டும்னு அண்ணனும் நானும் சொல்லிட்டோம். தன் வீட்டுல இருக்கறவங்க பேச்சுக்கு ஒரு வெயிட் இருக்கு. என் வீட்டுல இருந்தப்ப அம்மா ஃபேன் போடக்கூட என்னைக் கேட்டாங்க.

இப்ப நாலாவது.

அம்மா சென்னைல இருந்த நாலு மாசத்துல தெருவுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்பத் தெரியாது, திரும்பி கொண்டு போய் விட்டப்ப ஒவ்வொண்ணா காதுல விழுந்துச்சு. எங்க வீட்டுத் திண்ணைல சாயங்காலம் நாலரைக்கு மூணு பிள்ளைங்க உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும், அவங்க அம்மாங்க மூணு பேரும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, ஆறு மணிக்குத்தான் வருவாங்க. அம்மா ஒண்ணும் டியூஷன் எடுக்கல, அப்பாதான் வாத்தியார், அம்மா சும்மா கட்டில்ல உக்காந்து "சத்தமா வாசிலே"ன்னு சொல்வாங்க, ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய், அவ்வளவுதான். அம்மா போனதும் அதுல ஒரு பிள்ளையோட அம்மா மத்தியானத்தோட வேலையை முடிச்சுட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க, பாதிக் கூலி போச்சு. ஒரு கிழவி ஊரை விட்டுப் போனா இன்னொரு வீட்டுல கூலி குறையும்னு நான் எந்த எக்ஸெல்ல போட்டிருப்பேன்.

அண்ணாச்சி கடையும் அப்படித்தான். அப்பாவோட குடும்ப பென்ஷன் வருது அம்மாவுக்கு, மாசம் பொறந்தா அது பூரா அந்த நாலு தெருவுக்குள்ளதான் செலவாகும், மளிகை, பால், பூ, மெடிக்கல், ஆட்டோ. சென்னைல அதே காசு ஏதோ ஒரு ஆப்புக்குப் போச்சு. எங்க தெருவுல மட்டும் பென்ஷன்காரங்க ஆறேழு பேர் இருக்காங்க, எல்லாரும் பிள்ளைங்ககிட்ட போயிட்டா அண்ணாச்சி கடையை சாத்த வேண்டியதுதான்னு அவரே சொன்னார், பாதி விளையாட்டா, பாதி நிஜமா. பூட்டிக் கெடக்கற வீடு நிறைய ஆயிட்டா தெருவுக்கே ஒரு மாதிரி ஆயிரும், ராத்திரி வாசல் லைட்டு எரியாது, திண்ணைல சீட்டாட்டக் கூட்டம் சேரும், தண்ணி வர்ற அன்னைக்கு யாருக்கும் குரல் குடுக்க ஆள் இருக்காது.

சரி, வீட்டுலயே இருக்க வைக்க என்ன பண்ணினோம். முதல்ல பாத்ரூம். கொத்தனாரை வச்சு வழுக்காத டைல்ஸ், சுவர்ல ரெண்டு ஸ்டீல் கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், வாசப்படிக்கு அரைப் படி ஒண்ணு, கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி தானா எரியற லைட்டு. மொத்தம் 23,000 ஆச்சு, அதாவது கோயம்புத்தூர்ல ஒரு மாசச் செலவைவிடக் கம்மி. கைப்பிடி வைக்கறப்ப ஒரு விஷயம் கவனிங்க, கொத்தனார் அவர் உயரத்துக்கு வச்சுட்டார், அம்மாவுக்கு தோளுக்கு வந்துச்சு, பிடிச்சு எந்திரிக்க முடியல, கழட்டி திரும்ப அடிச்சோம். அம்மாவை டாய்லெட்ல உக்கார வச்சு கையை நீட்டச் சொல்லி சுவர்ல சாக்பீஸ்ல கோடு போடணும், அப்புறம்தான் டிரில்லிங்.

அப்புறம் அரசாங்கம். எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இருந்ததில்ல, ஆனா நேர்ல பாத்ததை சொல்லணும்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சது, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் மாசாமாசம் வாசலுக்கே வருது, கொண்டு வர்றது மகளிர் சுய உதவிக்குழுல இருந்து எடுத்த ஒரு பொண்ணு. மாத்திரை மட்டும் இல்ல, பிரஷர் பாக்கும், "ஆச்சி கால் வீங்கிருக்கே"ன்னு சொல்லும், படுக்கையில இருக்கறவங்களுக்கு பிசியோதெரபியும் இதே திட்டத்துல வீட்டுக்கு வருது. வருஷம் ஒரு தடவை பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட், போஸ்ட்மேன் வீட்டுக்கே மெஷினோட வந்துடறார், 70 ரூபா. என்ன, அம்மாவுக்கு விரல்ல ரேகையே தேஞ்சு போச்சு, அஞ்சு விரலையும் மாத்தி மாத்தி வச்சு, துணியால தொடச்சு, கடைசில இடது கை கட்டைவிரல்ல பச்சை லைட்டு எரிஞ்சப்ப ரெண்டு பேரும் கை தட்டினாங்களாம். ரேஷன்லயும் தாயுமானவர் திட்டம்னு 2025 ஆகஸ்ட்ல இருந்து வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கு வருது. அவசரத்துக்கு 108 இருக்கவே இருக்கு, வயசானவங்களுக்குன்னே 14567னு ஒரு ஹெல்ப்லைனும் இருக்கு, அம்மா போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கோம்.

இப்படி வீட்டுக்கே போய் பாத்தா ஆஸ்பத்திரிக்கும் லாபம். மாத்திரை தீர்ந்து போய் வாங்க ஆள் இல்லாம பத்து நாள் விட்டு, பிரஷர் ஏறி, ஸ்ட்ரோக் வந்து வர்ற ஆளுக்கு ஆகற செலவும் படுக்கையும் அந்த மாத்திரை அட்டையோட எங்க சேரும். வயசானவங்க வைத்தியத்துல நம்ம மாநிலம் ஒண்ணும் புதுசு இல்ல, சென்னை அரசு பொது மருத்துவமனைல டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லயே முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சவர், கிண்டியில இப்ப 200 படுக்கையோட தேசிய முதியோர் மருத்துவமனையே இருக்கு. ஆனா கோவில்பட்டி ஆச்சிக்கு கிண்டி எதுக்கு, வாசலுக்கு வர்ற அந்தப் பொண்ணுதான் வேணும். கேரளாக்காரங்க இதுல நமக்கு முன்னாடி போயிட்டாங்க. 1993ல கோழிக்கோட்டுல வலி நிவாரணத்துக்குன்னு டாக்டர்கள் ஆரம்பிச்ச ஒரு சின்ன கிளினிக், பின்னாடி மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்துக்காரங்களே வாலண்டியரா சேர்ந்து வீடு வீடா போற அமைப்பா பரவி, 2008ல கேரள அரசு அதைக் கொள்கையாவே ஆக்கி பஞ்சாயத்துக்கிட்ட பொறுப்பைக் குடுத்துச்சு. படுத்த படுக்கையா இருக்கறவர் வீட்டுக்கு நர்ஸோட ஆட்டோக்காரரும் காலேஜ் பிள்ளைங்களும் போறாங்க. எதிர்த்த வீட்டு பெரியம்மா பண்றதுக்கு ஒரு ரிஜிஸ்டரும் ஒரு வண்டியும் குடுத்த மாதிரிதான் அது.

இதுவரைக்கும் படிச்சுட்டு, ஓ இவ வீட்டுலயே வச்சுக்கறதுதான் சொர்க்கம்ங்கறாள்னு நினைச்சுடாதீங்க. ஆதரவு இல்லாம வீட்டுல வயசாகறது எவ்வளவு கொடூரம்னு எங்க தென் மாவட்டத்துக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். தலைக்கூத்தல்ங்கற வார்த்தையை நான் சின்ன வயசுலயே கேட்டவ, படுத்த வயசானவங்களை எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டி இளநீரா குடுத்து சாக அனுப்பி வைக்கறது. அதுவும் வீடுதான், சொந்த ஜனம்தான். பாத்துக்க ஆளும் காசும் இல்லாத வீட்டுல போய் அம்மாவை வீட்டுலயே வச்சுக்கோங்கன்னு சொல்றது புத்திமதி இல்ல, தண்டனை. அதனால இந்த நாலாவது வழியில ஆதரவோடங்கற வார்த்தைதான் முக்கியம், வீடுங்கற வார்த்தை இல்ல.

ஆதரவுன்னா யாரு. எங்க வீட்டுக்கு வர்ற அக்கா. தீப்பெட்டி ஆபீஸ்ல பதினெட்டு வருஷம் குச்சி அடுக்கினவங்க, மூச்சு இழுப்பு வந்து அங்க போக முடியாம ஆனப்ப பெரியம்மா கூட்டிட்டு வந்தாங்க. முதல்ல நாங்க ஏஜென்சில கேட்டோம், ஊர்ப்பேர் வேணாம், மாசம் 22,000 கேட்டாங்க, வந்த பொண்ணுக்கு கைல எவ்வளவு வருதுன்னு அம்மா நைசா விசாரிச்சிருக்காங்க, 13,000. மீதி ஏஜென்சிக்கு. ட்ரெய்னிங்னு ஒரு நாள் வீடியோ காட்டினாங்களாம், வயசானவங்களை கட்டில்ல எப்படிப் புரட்டறதுன்னே அந்தப் பொண்ணுக்குத் தெரியல, ரெண்டு மாசத்துல அதுக்கே இடுப்பு பிடிச்சு போயிடுச்சு. இப்ப அக்காவுக்கு நேரடியா காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், 12,000, தீபாவளிக்கு ஒரு மாச சம்பளம், லீவு. அண்ணன் 9,000 போதும்னான், மதினிதான் "நீங்க ஒரு நாள் அத்தைக்கு நகம் வெட்டி விட்டிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க, பேச்சு முடிஞ்சுது.

ஒரு பொம்பளைக்கு தீக்குச்சி மருந்து வாசனை இல்லாத ஒரு வேலை கிடைச்சிருக்கு, வீட்டுல வயசானவங்களை வச்சுக்கற ஊர்ல இந்த மாதிரி வேலை நிறைய வரும்னு நான் ரொம்ப பெருமையா நினைச்சுட்டு இருந்தேன். போன மாசம் ஊருக்கு போனப்ப அக்காகிட்ட பேச்சு வாக்குல கேட்டேன், உங்க வீட்டுல யாரு இருக்காங்கன்னு. மாமியார், எண்பது இருக்கும், ஊருக்கு வெளிய எட்டு கிலோமீட்டர் தள்ளி கிராமத்துல. ஒரு கண்ணு தெரியாது. முதியோர் பணம் 1,200 வருது, அதுல மத்திய அரசு போடறது 60ல இருந்து 79 வயசு வரைக்கும் 200, 80 தாண்டினா 500, மீதி மாநிலம். காலைல அக்கா சோத்தைப் பொங்கி தூக்குச்சட்டில வச்சுட்டு பஸ் பிடிச்சு எங்கம்மாவைப் பாக்க வர்றாங்க. அந்தக் கிழவியை யார் பாக்கறா? "கதவைச் சாத்தி வச்சுட்டு வருவேன் தாயி, நாய் வந்துரும்ல"ன்னாங்க. எனக்கு அடுத்து என்ன பேசறதுன்னு தெரியல, அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு பேசாம வெத்தலையை மென்னுட்டு இருந்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, எங்கம்மா வீட்டுலயே இருக்கறதுக்கு இன்னொரு அம்மா தனியா கெடக்க வேண்டியிருக்கு. நல்லா சம்பளம் குடுத்தாலும் இது தீராது. பகல்ல ஒரு எட்டு மணி நேரம் கிராமத்துல வயசானவங்க உக்கார, சாப்பிட, ஆளோட பேச ஒரு இடம் இருந்தா தீரும். 2025 கடைசில அன்புச் சோலைன்னு பகல் நேர மையங்கள் ஆரம்பிச்சிருக்காங்க, ஆனா அது எண்ணி 25 இடம், நகரங்கள்ல. அங்கன்வாடி ஊருக்கு ஊரு இருக்கற மாதிரி இதுவும் வந்தா அக்கா மாமியாருக்கு கதவைச் சாத்த வேண்டியதில்ல. அங்கன்வாடிக்குப் பக்கத்துலயே வச்சாக்கூட நல்லாத்தான் இருக்கும், சத்தமா வாசிலேன்னு சொல்ல ஆள் கிடைக்கும்.

செலவுக் கணக்கும் கேப்பீங்க. எங்களுக்கு இப்ப அக்கா 12,000, பிசியோ வாரம் ரெண்டு தடவை, மருந்து, கரண்ட், சாப்பாடு, நாங்க மாத்தி மாத்தி போயிட்டு வர்ற ட்ரெயின் எல்லாம் சேர்த்து கோயம்புத்தூர் மாசக் கட்டணத்தை விட ஒரு நாலாயிரம் கம்மி, டெபாசிட் கிடையாது. ஆனா இது ஏமாத்தற கணக்கு. ராத்திரிக்கும் ஆள் வேணும்னு ஆயிட்டா ஒரே நாள்ல இது கோயம்புத்தூரைத் தாண்டிடும். எதிர்த்த வீட்டு பெரியம்மாவுக்கும் 71 ஆகுது, அவங்க பாக்கற காவலுக்கு நாங்க சம்பளம் போடலங்கறதால அது இலவசம்னு ஆயிடாது.

அதனால முடிவை நிரந்தரம்னு எடுக்கல, நிபந்தனையோட எடுத்தோம். அம்மா வீட்டுலயே இருக்கட்டும், எதெது நடந்தா மாத்தணும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருக்கோம். ராத்திரி ரெண்டு தடவைக்கு மேல எந்திரிக்க ஆள் தேவைப்பட்டா, அடுப்பை அணைக்க மறந்தது மூணு தடவை ஆயிட்டா, பெரியம்மா வீட்டுலயும் பூட்டு விழுந்துட்டா, அப்ப திரும்ப வீடியோ கால். அப்பவும் முதல்ல அம்மாகிட்ட கேக்கறது. நடுவுல வருஷத்துக்கு ரெண்டு மாசம் அண்ணன் ஊர்ல இருந்தே வேலை பாக்கறதுன்னு பேச்சு, இந்த தடவை லீவும் அவன்தான் போடறான். உங்க அம்மா இருக்கற தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடந்தா, கேட்டைத் தட்ட ஆள் இல்லன்னா, நான் எங்க வழியை உங்களுக்கு சொல்லவே மாட்டேன், கோயம்புத்தூரைப் பாருங்க, இல்ல பக்கத்துல வீடு பாருங்க.

போன வாரம் அம்மா போன் பண்ணி புது ஏற்பாடு ஒண்ணு சொன்னாங்க. அக்காவுக்கு இனிமே புதன்கிழமை லீவு, சம்பளத்தோட, மாமியாரைக் குளிப்பாட்டி கஞ்சி வச்சுக் குடுக்க. என்னைக் கேக்கல, அண்ணனைக் கேக்கல. சரிம்மா, புதன்கிழமை உங்களை யார் பாத்துக்கறதுன்னேன். திங்கள் செவ்வாய் வியாழன் எல்லாம் யார் யார்னு வரிசையா சொல்லிட்டு வந்தவங்க, புதனுக்கு வந்து நின்னுட்டாங்க. இன்னும் ஆள் கிடைக்கல, கேட்டுட்டு இருக்கோம்.